போனவர் எடுத்துப் போனது என்ன?

வாசகர் கேள்வி:

"திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். அப்பா ஆரம்பித்த கம்பெனி. ஆபீஸில் 34 பேர், உற்பத்தியில் 200 பேருக்கு மேல். எட்டு வருடம் எங்களோடு இருந்து, பையர்களோடு பேசி ஆர்டர்களைக் கவனித்த மெர்ச்சண்டைசர் பிப்ரவரியில் விலகி, பக்கத்திலேயே இன்னொரு ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். தம்பி மாதிரி வைத்திருந்தேன். மூன்றே மாதத்தில் எங்கள் ஜெர்மன் பையருக்கு, எங்கள் விலையைவிட ஒரு பீஸுக்கு 11 சென்ட் குறைத்துக் கொடுத்து அந்த நிறுவனம் ஆர்டரை வாங்கிவிட்டது. செலவும் லாபமும் இருக்கும் எங்கள் காஸ்டிங் ஷீட்டைப் பார்க்காமல் அப்படிக் கொடுத்திருக்க முடியாது. அவருடைய லேப்டாப்பை வாங்கி, ஃபார்மேட் செய்து, புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டோம். ஆனால் பையர்களோடு அவர் பேசியதெல்லாம் சொந்த ஜிமெயிலிலும் சொந்த வாட்ஸ்அப் நம்பரிலும்தான். ரிலீவிங் லெட்டரையும் கடைசி மாதச் சம்பளத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். எல்லோருடைய செல்போனிலும் கண்காணிப்பு ஆப் போட்டுவிடலாம் என்கிறார் எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். விலகினால் இரண்டு வருடத்துக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று எழுதி வாங்கவும் யோசிக்கிறேன். அவர் மேல் கேஸ் போடலாமா? இனி யாரைத்தான் நம்புவது?"

வணக்கம் ஐயா.

ஆர்டர் போனதைவிட, தம்பி மாதிரி இருந்தவர் இப்படிச் செய்துவிட்டாரே என்பதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று தெரிகிறது. அந்த வேதனை நியாயமானது. ஆனால் அந்த வேதனையோடேயே நான்கு முடிவுகளை எடுக்கப் போகிறீர்கள். அவற்றில் சில உங்களுக்கே தீங்காக முடியும். அதனால் நேராகவே பேசுகிறேன். நான் இருபது வருடமாகக் கோவை, திருப்பூர், கரூர் பக்கத்து நிறுவனங்களில் தகவல் பாதுகாப்புத் தணிக்கை செய்கிறவள். உங்கள் கதையை வேறு வேறு பெயர்களில் பலமுறை கேட்டிருக்கிறேன்.

முதலில் அவர் என்ன எடுத்துப் போனார் என்று பார்ப்போம். எட்டு வருடம் பையர்களோடு நடந்த பேச்சு, டெக் பேக் (டிசைன், அளவு விவரங்கள்), லேப் டிப் (சாய மாதிரி) அப்ரூவல், சாம்பிள் கமெண்ட், விலைப் பேரம் எல்லாம் அவருடைய சொந்த ஜிமெயிலுக்குத்தான் வந்திருக்கின்றன. அதன் பாஸ்வேர்டு அவருடையது. வாட்ஸ்அப் இருக்கும் சிம் அவர் பெயரில் இருக்கிறது. அப்படியிருக்க, விலகும் நாளில் அவர் எதையும் தனியாக எடுத்துப் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் எழுந்து போனார், எல்லாம் கூடவே போனது. லேப்டாப்பைத் திருப்பி வாங்கியதில் உங்களுக்கு ஒரு பெட்டிதான் கிடைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். 11 சென்ட் குறைந்தது என்பதே காஸ்டிங் ஷீட் கைமாறியதற்கு ஆதாரம் ஆகாது. உங்கள் நூல் விலை நூல் வியாபாரிக்குத் தெரியும். துணியின் எடையைச் சொல்லும் ஜி.எஸ்.எம். எவ்வளவு, எந்த ஷேடு என்பது சாயப்பட்டறைக்குத் தெரியும். தையல் ரேட் ஜாப் ஒர்க் எடுப்பவருக்குத் தெரியும். பையருக்காக இங்கே ஆர்டர் பேசும் பையிங் ஆபீஸுக்கு உங்கள் விலை முழுதாகவே தெரியும்; அதை அடுத்தவரிடம் காட்டி விலையைக் குறைக்க வைப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. அப்புறம், எட்டு வருடம் அதே பையருக்கு விலை போட்ட ஒருவருக்கு ஷீட்டே வேண்டியதில்லை, அது தலைக்குள் இருக்கும். தலைக்குள் இருக்கும் அனுபவம் அவருடையது. ஃபைல் உங்களுடையது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கேஸ், ஒப்பந்தம் எதைப் பற்றியும் பேச முடியாது.

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து தகவலைப் பிரதி எடுத்தால், 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்கீழ் நஷ்டஈடு கேட்கலாம். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்திருந்தால் 66ஆம் பிரிவு வரும். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருக்கிறது. ஆனால் ஆதாரம்? அவர் பயன்படுத்திய லேப்டாப்பை ஃபார்மேட் செய்துவிட்டீர்கள். அதன்மேல் இன்னொருவர் மூன்று மாதமாக வேலை பார்த்திருக்கிறார். பென் டிரைவ் செருகிய தடம், எந்த ஃபைல் எப்போது திறந்தது என்ற தடம் எல்லாம் இருந்த ஒரே இடம் அது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுச் சாட்சியத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் அந்தப் பதிவின் ஹேஷ் எண்ணையும் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். அந்தக் கைரேகையை எடுக்க, உங்களிடம் இப்போது ஃபைல் இல்லை.

ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஓடும் உங்கள் ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேரில் யார் எந்த ரிப்போர்ட்டை எப்போது எக்ஸ்போர்ட் செய்தார் என்ற பதிவு இருக்கலாம். வெண்டாரிடம் கேளுங்கள், பழைய பதிவுகளை அழிக்க வேண்டாம் என்று இன்றே எழுத்தில் சொல்லுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் அவர் லாகினிலிருந்து வழக்கத்துக்கு மாறாக எதாவது இறங்கியிருந்தால், அந்தப் பதிவோடு சைபர் வழக்கு தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால், ஆத்திரத்தில் புகார் கொடுத்து, மூன்று வருடம் கோர்ட்டுக்கு அலைந்து, ஊருக்கெல்லாம் 'இவர்கள் பையர் தகவலைக் காப்பாற்றத் தெரியாதவர்கள்' என்று நீங்களே விளம்பரம் செய்ய வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. இனிமேல் ஒருவர் விலகினால், குறைந்தது மூன்று மாதம் அவருடைய மெஷினைத் தொடாமல் அலமாரியில் வையுங்கள். புதிதாக வருபவருக்கு வேறு ஒன்று வாங்கித் தருவது ஒரு வழக்கைவிட மலிவு.

இரண்டு வருட ஒப்பந்தம் எழுதி வாங்காதீர்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது வேறு இடத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்று சொல்லலாம். விலகிய பிறகு எங்கும் சேரக்கூடாது என்று நம் நாட்டில் சொல்ல முடியாது. நீதிமன்றங்கள் இதில் உறுதியாகவே இருந்திருக்கின்றன. மெர்ச்சண்டைசிங் மட்டுமே தெரிந்த ஒருவர் திருப்பூரில் இன்னொரு மெர்ச்சண்டைசிங் வேலைக்குப் போகாமல் வேறு எங்கே போவார்? ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேறு. கம்பெனியின் காஸ்டிங், பையர் தொடர்பு விவரம், பேட்டர்ன் ஃபைல் இவற்றை விலகிய பின்னும் பயன்படுத்தவோ வெளியிடவோ கூடாது என்று எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. எவையெல்லாம் ரகசியம் என்று அதில் பெயர் சொல்லி எழுத வேண்டும். 'கம்பெனி தொடர்பான எல்லாமே' என்று எழுதினால் எதையும் எழுதாத மாதிரிதான்.

இப்போது அந்த ஆப். தயவுசெய்து வேண்டாம்.

ஊழியரின் சொந்த போனில் அவருக்குத் தெரியாமல் எதையாவது நிறுவினால், மேலே சொன்ன அதே 43, 66ஆம் பிரிவுகள் உங்கள்மேல் திரும்பும். சொல்லிவிட்டே போட்டாலும் என்ன ஆகும்? உங்கள் அக்கவுண்ட்ஸ் பெண்ணின் வீட்டுப் படங்கள், அவர் டாக்டருக்கு அனுப்பிய ரிப்போர்ட், பேங்க் ஓ.டி.பி. எல்லாம் ஒரு சர்வரில் போய்ச் சேரும். அந்த சர்வர் யாருடையது? இப்படிப்பட்ட ஆப்களில் பெயர்பெற்ற எம்ஸ்பை என்ற நிறுவனத்தின் தகவல்களே 2015, 2018, 2024 என்று மூன்று முறை வெளியே கசிந்திருக்கின்றன. தகவல் கசியக் கூடாது என்று நினைக்கும் நீங்கள் 34 பேரின் வாழ்க்கையைக் கொண்டுபோய் அங்கே கொட்டுவீர்களா? 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தகவலை வைத்திருப்பவர் அதைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஊழியர்களின் தகவலும் தனிநபர் தகவல்தான்.

இதில் நானும் தவறு செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு ஆடை ஏற்றுமதி ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் யூ.எஸ்.பி.யை அடைத்து, ஜிமெயிலை அடைத்து, பெரிய அட்டாச்மெண்டை அடைத்து, பாதுகாப்பு முடிந்தது என்று அறிக்கை கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போனால், பேட்டர்ன் மாஸ்டர் ஸ்கிரீனை போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார். பையர் இரவு எட்டு மணிக்குக் கேட்கிறார், ஃபைல் 40 எம்.பி., வேறு வழியில்லை. வேலை நடக்க வேண்டுமே! என் கட்டுப்பாடு தகவலை நிறுத்தவில்லை, என் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிட்டது. அன்றிலிருந்து ஒரு வழியை அடைக்குமுன் அந்த வழியாக எந்த வேலை நடக்கிறது என்று கேட்காமல் அடைப்பதில்லை.

சம்பளத்தையும் ரிலீவிங் லெட்டரையும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். பார்த்த வேலைக்கான கூலியை நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு, தானாக விலகியவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடிக்கச் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். உங்கள் பையர் தகவல் எல்லாம் கையில் இருக்கும் ஒருவருக்கு, உங்கள்மேல் கோபப்பட ஒரு காரணத்தை நீங்களே ஏன் கொடுக்க வேண்டும்?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு பழைய வழக்கு காரணம். பிரிட்டனில் மாரிசன்ஸ் என்ற பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம் இருக்கிறது. 2013இல் அங்கே ஒரு மூத்த உள்தணிக்கையாளர், தன் சொந்தச் சிறு வியாபாரத்தின் பார்சலை அலுவலகத் தபால் அறை வழியாக அனுப்பியதற்காக வாய்மொழி எச்சரிக்கை வாங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயம். அவர் மனதில் அது ஆறவில்லை. அதே வருட நவம்பரில், வெளித்தணிக்கை நிறுவனத்துக்கு அனுப்புவதற்காக மொத்த ஊழியர்களின் சம்பளப் பட்டியல் அவரிடம் தரப்பட்டது. அது அவருடைய வேலைதான். யாரும் திருட்டுத்தனமாக எதையும் திறக்கவில்லை. அனுப்ப வேண்டியதை அனுப்பினார், தனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். 2014 ஜனவரியில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஊழியர்களின் பெயர், முகவரி, பேங்க் கணக்கு, சம்பளம் இணையத்தில் ஏறின. மார்ச்சில், நிறுவனம் தன் ஆண்டுக் கணக்கை அறிவிக்கும் நாளாகப் பார்த்துப் பத்திரிகைகளுக்கு சி.டி. அனுப்பினார். பழியை ஒரு சக ஊழியர்மேல் போடவும் ஏற்பாடு செய்திருந்தார். 2015இல் அவருக்கு எட்டு ஆண்டு சிறை. நிறுவனம் அந்தக் கசிவைச் சமாளிக்கச் செலவழித்தது 20 லட்சம் பவுண்டுக்கு மேல். ஊழியர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020இல்தான் நிறுவனம் பொறுப்பல்ல என்று முடிந்தது.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது இரண்டு விஷயங்கள். எச்சரிக்கை வாங்கிய மனிதரிடம் நான்கு மாதம் கழித்து ஒரு லட்சம் பேரின் சம்பளப் பட்டியல் போனபோது, மனம் எப்படி இருக்கிறது என்று யாரும் அவரோடு உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை. இன்னொன்று, வேலை முடிந்த பிறகு அவர் மெஷினில் இருந்த பட்டியல் அழிக்கப்பட்டதா என்று பார்க்க அங்கே முறையான ஏற்பாடு இல்லை. விசாரணை நீதிமன்றமே அதைக் குறையாகச் சொன்னது. நிறுவனத்தின் மற்ற பாதுகாப்பெல்லாம் மோசமில்லை.

உங்களிடம் வருகிறேன். நீங்கள் செய்ய வேண்டியவற்றில் மிகப் பெரியது, பையர் தொடர்பை ஊழியரின் கையிலிருந்து கம்பெனிக்கு மாற்றுவது. சொந்த டொமைன் பெயரில் மெயில் வாங்குங்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் பதிவாகியிருக்க வேண்டும். வெப்சைட் செய்துகொடுத்தவர் பெயரில் கிடக்கும் டொமைன்களை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன். ஒவ்வொரு பையருக்கும் ஒரு பொது முகவரி வையுங்கள், மெர்ச்சண்டைசரும் இன்னொருவரும் அதில் இருக்கட்டும். சிம் கம்பெனி பெயரில் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் அந்த நம்பரில் ஓடட்டும். ஒருவர் விலகினால் நம்பரும் மெயிலும் நாற்காலியோடு இருக்கும், ஆள் மட்டும் மாறுவார். பழைய பையர்களுக்கு நீங்களே கையெழுத்திட்டு ஒரு மெயில் அனுப்புங்கள்: இனி இந்த முகவரிகளிலிருந்து வருவது மட்டுமே எங்களுடையது என்று. அதை இதுவரை செய்யவில்லையென்றால், பழைய ஜிமெயிலுக்கு உங்கள் பர்ச்சேஸ் ஆர்டர் இன்னும் போய்க்கொண்டிருக்கலாம்.

காஸ்டிங் ஷீட்டைப் பற்றி. நான் பார்த்த ஆபீஸ்களில் பெரும்பாலும் அது ஒரே எக்செல். ஷேர்டு ஃபோல்டரில், எல்லாப் பையருக்கும் சேர்த்து, எல்லோரும் திறக்கும்படி. நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், ட்ரிம்ஸ் வரையிலான செலவு மெர்ச்சண்டைசருக்குத் தெரிய வேண்டும், அது இல்லாமல் அவர் பையரோடு பேச முடியாது. ஆனால் அதன்மேல் நீங்கள் வைக்கும் லாபம், டியூட்டி டிராபேக் (ஏற்றுமதிக்கு அரசு திருப்பித் தரும் வரி) கணக்கு, பையருக்கு எந்த அளவு வரை இறங்கலாம் என்ற எல்லை, இவை தனி ஃபைலில் உங்களிடமும் ஜெனரல் மேனேஜரிடமும் இருந்தால் போதும். ஜெர்மன் பையரைப் பார்ப்பவருக்கு ஸ்பெயின் பையரின் விலை எதற்கு? எக்செல் ஷீட்டைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். ஷீட் புரொடெக்‌ஷன் என்பது தவறுதலாக ஃபார்முலா அழியாமலிருக்கத்தான், அதை எடுத்துவிடுவது எளிது. ஃபோல்டருக்கே அனுமதி பிரித்து வையுங்கள்.

லாகின் பகிர்வதை நிறுத்துங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அடுத்த வாரமே மறுபடி பகிர்வார்கள். ஏன் என்று ஒருமுறை எனக்குப் புரிந்தது. கோவையில் ஒரு உற்பத்தி நிறுவனத்தில், விலகி 14 மாதம் ஆன ஸ்டோர் பொறுப்பாளரின் லாகினில் தினமும் யாரோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருட்டு என்று நினைத்துப் பதறிப் போனோம். விசாரித்தால், ஈ.ஆர்.பி.யில் வாங்கியிருந்த யூசர் லைசென்ஸ் 15, ஆட்கள் 22. போனவருடைய லாகினை மூன்று பேர் முறைவைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முதலாளி மிச்சம் பிடித்தது ஏழு லைசென்ஸ் காசு. அதற்கு விலையாக, எந்தப் பதிவு யார் போட்டது என்று யாராலும் சொல்ல முடியாத நிலை வந்தது. உங்கள் கம்பெனி பிரைவேட் லிமிடெட் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் ஆடிட் டிரெயில் கட்டாயம், அதை நிறுத்தி வைக்கவும் கூடாது. மூன்று பேர் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தப் பதிவு யாரைக் காட்டும்?

விலகும் நாளுக்கு ஒரு நடைமுறை எழுதி வையுங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சி.இ.ஆர்.டி. குழு பல வருடமாக இப்படிப்பட்ட வழக்குகளைச் சேர்த்து ஆராய்கிறது. நிறுவனத்தின் தொழில் ரகசியத்தை எடுப்பவர்களில் பலர் விலகுவதை ஒட்டிய ஒரு மாதத்துக்குள்தான் எடுக்கிறார்கள் என்பது அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. ராஜினாமா வந்ததும், சம்பந்தமில்லாத ஃபோல்டர்களின் அனுமதியை மரியாதையாக எடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் அவமானமாக இருக்காது. கடைசி நாள் மாலை மெயில், ஈ.ஆர்.பி., டேலி, வங்கி, கூரியர் தளம், பையரின் வெண்டார் போர்ட்டல் எல்லாம் மூடப்பட வேண்டும். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறக்கிறார்கள். விலகியவரின் அனுமதியை மூடுவதில் சிஸ்கோ மாதிரியான பெரிய நெட்வொர்க் நிறுவனமே தவறியது. 2018 ஏப்ரலில் விலகிய பொறியாளர் ஒருவர் ஐந்து மாதம் கழித்து அவர்களுடைய கிளவுடுக்குள் நுழைந்து 456 விர்ச்சுவல் மெஷின்களை (சாஃப்ட்வேராலேயே உருவாக்கிய கம்ப்யூட்டர்களை) அழித்தார். 16,000க்கும் மேற்பட்ட வெப்எக்ஸ் என்ற அவர்களுடைய ஆன்லைன் கூட்டச் சேவைக் கணக்குகள் முடங்கின, சரிசெய்யவும் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவும் நிறுவனத்துக்கு ஆன செலவு 24 லட்சம் டாலர்.

இனி நீங்கள் கேட்காத ஒருவரைப் பற்றி. உங்கள் அக்கவுண்ட்ஸில் பத்துப் பதினைந்து வருடமாக ஒருவர் இருப்பார். லீவே போடமாட்டார். பேங்க் டோக்கன், டேலி பாஸ்வேர்டு, எல்லாம் அவர் டிராயரில். அவரை நான் சந்தேகப்படவில்லை. தங்கமான மனிதராகவே இருக்கலாம். ஆனால் அந்த அமைப்பு யாருக்கும் நல்லதல்ல, அவருக்கும் நல்லதல்ல. 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி, மும்பைக் கிளையில் 11,000 கோடி ரூபாய்க்கும் மேலான மோசடி என்று பங்குச்சந்தைக்குத் தெரிவித்ததே, நினைவிருக்கிறதா? வெளிநாட்டில் இருந்த இந்திய வங்கிக் கிளைகளுக்கு உத்தரவாதம் போன, வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பும் வங்கியின் சொந்தக் கணக்கு அமைப்பும் இணைக்கப்படவில்லை. ஒரு அதிகாரி ஏறக்குறைய ஏழு ஆண்டு அதே பிரிவில் இருந்தார். அவர் ஓய்வுபெற்ற பின், 2018 ஜனவரியில் அந்த உத்தரவாதங்களைப் பெற்றுவந்த நீரவ் மோடியின் நிறுவனங்கள் மறுபடி வந்து கேட்டபோது, புதிதாக இருந்தவர்கள் முழுத் தொகைக்கும் ஈடு கேட்டார்கள். 'இதற்குமுன் எங்களிடம் கேட்டதே இல்லையே' என்று வந்த பதிலில்தான் எல்லாம் வெளியே வந்தது. நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்ததே கண்டுபிடித்தது.

வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் வருடத்தில் ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல், சேர்ந்தாற்போல் குறைந்தது 10 வேலை நாள் விடுப்பில் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. உங்கள் அளவுக்கு ஒரு வாரம் போதும். அவரைக் குடும்பத்தோடு எங்காவது போய்வரச் சொல்லுங்கள், அந்த வாரம் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்காரட்டும். பணம் அனுப்புவதில் ஒருவர் பதிய, இன்னொருவர் ஒப்புதல் தரும் முறையை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். அது அவர்மேல் எந்தப் பழியும் வராமல் காப்பாற்றும்.

ஆப் போடச் சொன்னவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் எனிடெஸ்க் போட்டு, தன் வீட்டிலிருந்தே உள்ளே வரும் வசதி வைத்திருப்பாரே? சர்வர் அட்மின் பாஸ்வேர்டு அவரைத் தவிர வேறு யாருக்காவது தெரியுமா? 2008இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகராட்சியில் நெட்வொர்க் நிர்வாகி ஒருவர் பாஸ்வேர்டைத் தர மறுத்துச் சிறைக்குப் போனார். நகரத்தின் நெட்வொர்க் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதை நிர்வகிக்க வேறு யாராலும் முடியவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, மேயர் நேரில் சிறைக்குப் போன பிறகுதான் அவரிடம் கொடுத்தார். உங்கள் அட்மின் பாஸ்வேர்டுகளை எழுதி, உறையில் ஒட்டி, உங்கள் லாக்கரில் வையுங்கள். அவர் வந்து வேலை பார்க்கும்போது மட்டும் யாராவது அனுமதி கொடுக்கும்படி எனிடெஸ்கை மாற்றச் சொல்லுங்கள். நல்லவராக இருந்தால் வருத்தப்படமாட்டார்.

நான் இதுவரை சொன்னதெல்லாம் தெரிந்தே செய்பவர்களைப் பற்றி. நம் ஊரில் பெரும் பணம் போவது தெரியாமல் தவறு செய்பவர்களால்தான். பையர் பெயரிலோ நூல் மில் பெயரிலோ ஒரு மெயில் வரும்: பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இங்கே அனுப்புங்கள் என்று. முகவரியில் ஒரு எழுத்துதான் மாறியிருக்கும். கணக்கு எண் மாறினால், மெயிலில் இருக்கும் நம்பருக்கு அல்லாமல், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டு உறுதி செய்யாமல் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது என்று விதி வையுங்கள். யாராவது தவறான லிங்கைத் தொட்டுவிட்டால், அடுத்த ஐந்து நிமிடத்தில் உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும். அவர் ஓடிவருவாரா என்பது, போன முறை தவறு செய்தவரை எல்லோர் முன்னாலும் நீங்கள் எப்படித் திட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. பணம் போனால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு உடனே கூப்பிட வேண்டும்; நேரம் போகப் போகப் பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். சைபர் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. பயந்துபோன ஊழியர் இரண்டு நாள் மறைத்தால் அந்த ஆறு மணி நேரத்துக்கு என்ன அர்த்தம்?

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். உங்கள் 34 பேரையும் நம்புங்கள். அவர்களில் பலர் வேறு இடத்தில் கூடுதல் சம்பளம் கிடைத்தும் உங்களோடு இருப்பவர்கள். போனவரையும்கூட, ஈ.ஆர்.பி. பதிவைப் பார்க்கும் வரை திருடர் என்று ஆபீஸில் சொல்லாதீர்கள். எட்டாவது வருடத்தில் அவர் ஏன் விலகினார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சம்பளமா, மரியாதையா, வீட்டுப் பிரச்சினையா? அவரோடு நெருக்கமாக இருந்த யாரிடமாவது கேட்டுப்பாருங்கள். கிடைக்கும் பதில் இருக்கிற மற்றவர்களுக்கு உதவும்.

இன்று மாலையே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அந்த லேப்டாப்பை வாங்கிக்கொண்ட புதுப் பெண் பையர்களுக்கு எந்த மெயிலிலிருந்து எழுதுகிறார் என்று கேளுங்கள். அதுவும் அவருடைய சொந்த ஜிமெயில் என்றால், டொமைன் வாங்கும் வேலையை நாளைக் காலை அவரை உட்கார வைத்தே தொடங்குங்கள்.